சிரிலின் குரங்குப்பிடி

இங்கிலாந்தில் பீர் ஆலைகளுக்குப் பேர்போன எங்கள் பர்ட்டன் ஊர்க்காரர்களுக்கு உடம்பில் பாதி பீர் ஓடுகிறது என்பார்கள். என் வீட்டுக்காரர் வில்ஃபுக்கு மீதிப் பாதியும் பேட்ஜ்தான். அந்தக் காலத்துப் பீர் ஆலைகள் விளம்பரத்துக்குக் கொடுத்த எனாமல் பேட்ஜ்களைச் சந்தை சந்தையாக அலைந்து பொறுக்கி, வெல்வெட் பலகையில் குத்தி வைத்தார். நடுவில் ஓர் இடம் மட்டும் கடைசிவரை காலி. அது எனக்காக விட்ட இடம்.

தார்ன்பி ஆலை ஒரே ஒரு கோடையில், தன் பப்களில் பீர் ஊற்றும் பெண்களுக்கென்று ஒரு பேட்ஜ் போட்டது. சிவப்பு வளையத்துக்குள் பீப்பாய்மேல் ஒரு கொக்கு. நானும் அவர்களில் ஒருத்தி. அதைக் குத்திக்கொண்டு ஆலைக்காரர்கள் எல்லோருமாக ஸ்கெக்னஸ் கடற்கரைக்குச் சுற்றுலா போனோம். நான் அதை அலையில் தொலைத்துவிட்டு ஓவென்று அழுதேன். முன்பின் தெரியாத பீப்பாய் வண்டிக்காரன் ஒருவன் கால்சட்டை நனைய நனைய இறங்கித் தேடினான். அவன்தான் வில்ஃப். “அழாத. எங்க இருந்தாலும் தேடிப் பிடிச்சுத் தரேன்” என்றார். அந்த ஒரு பேச்சில் விழுந்தவள்தான் நான். ஆலையை மூடினார்கள், எங்களுக்குத் தலை நரைத்தது, பேட்ஜ் வரவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவரே போய்விட்டார்.

இந்த வசந்தத்தில், டவுன் ஹாலில் நடக்கும் பேட்ஜ் சந்தைக்கு கெய்த் என்பவர் ஒரு கொக்கு பேட்ஜ் கொண்டுவருகிறார் என்று சர்ச்சுக்கு வரும் என் தோழி பெரில் சொன்னாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சனிக்கிழமை பார்த்து பஸ் வராமல் கழுத்தறுத்தது. நான் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் பாதி கலைந்திருந்தது.

கெய்த் கடையில் பேட்ஜ் இல்லை. விற்றாயிற்றா என்றேன். இல்லை, ஒருத்தர் கையில் இருக்கிறது என்று ஓரமாகக் கண்ணைக் காட்டினார்.

அங்கே நாற்காலியில் சிரில் உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கை இறுக மூடி. வில்ஃப் கண் வைத்ததையெல்லாம் ஓர் அடி முந்திக் கொத்திக்கொண்டு போன கழுகு இவன். சாவு வீட்டுக்கு அவன் கொண்டுவந்த பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பலகாரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பியவள் நான். போன வாரம் போன் செய்தான். குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டேன்.

சந்தையில் ஒரு சட்டம் உண்டு. ஒருத்தர் கையில் எடுத்த சாமானை அவர் கீழே வைக்கிறவரை இன்னொருத்தர் விலை கேட்கக் கூடாது. ராஜாவே வந்தாலும் கேட்கக் கூடாது. கதவு திறந்ததும் எடுத்தவன் வாங்கவும் இல்லை, வைக்கவும் இல்லை, குரங்குப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான், மூன்று பேர் காத்திருந்து திட்டிக்கொண்டே போய்விட்டார்கள் என்று கெய்த் அலுத்துக்கொண்டார்.

நான் நேராக அவன் முன்னால் போய் நின்றேன்.

“யோவ் சிரில், செத்த மனுஷன்கிட்டயும் உனக்குப் போட்டியா? வாங்கறதுன்னா வாங்கித் தொலை.”

அவன் ஊன்றுகோலை அழுத்தி மெதுவாக எழுந்தான். கெய்த் கடைவரை நடந்தான். பச்சை விரிப்பின்மேல் கையைக் கவிழ்த்து எடுத்தான். கொக்கு, பீப்பாய், சிவப்பு வளையம்.

“வச்சுட்டேன். எடு” என்றான்.

எனக்கென்றால் நீயே வாங்கி வைத்திருக்கலாமே என்றேன்.

“நான் வாங்கிக் குடுத்தா நீ தொடுவியா? கறியவே வாசல்ல நிறுத்தினவ. போனையாவது வைக்காமப் பேசியிருக்கலாம், இதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எப்படியும் நீ வருவேன்னு உக்காந்திருந்தேன்.”

பேட்ஜை எடுத்தேன். அது சுடச்சுட இருந்தது. கெய்த் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு அழுதேன், ஸ்கெக்னஸில் அழுத மாதிரியே.

“வில்ஃப் இருந்திருந்தா முதல்ல என்கூடச் சண்டை போட்டிருப்பான்” என்றான் சிரில்.

“ஆமா. அப்புறம்?”

“அப்புறம் டீ வாங்கிக் குடுத்திருப்பான்.”

அப்போதுதான் உறைத்தது. சந்தையில் அத்தனை பேர் கையிலும் டீக்கோப்பை. ஒரு கையில் கோல், ஒரு கையில் என் பேட்ஜ் என்று உட்கார்ந்தவன் காலையிலிருந்து தொண்டையை நனைக்கவே இல்லை.

நான் போய் இரண்டு டீ வாங்கிவந்தேன். விரல்கள் மரத்துப்போய்க் கோப்பை அவன் பிடியில் நிற்கவில்லை. அவன் குடித்து முடிக்கிறவரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.