கடைசி டன்லேவி வெளியே வந்த நேரம்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. தவறு என்னுடையது.

இந்தியானாவில் எங்கள் ஊர் நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். டன்லேவி மோட்டார் கம்பெனி தொடங்கி நூறாண்டு ஆனபோது, அதன் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். குதிரைவண்டி செய்த அண்ணன் தம்பி, 1908இல் முதல் கார், போரின்போது ராணுவ லாரி, 1956இல் மூடல் என்று எல்லாம் எழுதி, "கடைசி கார் காலை பதினொரு மணிக்கு வெளியே வந்தது" என முடித்தேன்.

புத்தகம் வந்த மூன்றாம் நாள், அந்த ஆலையில் வேலை பார்த்த லொரெட்டா வுய்சிக் நூலகத்துக்கு வந்தார். வயது எண்பத்தொன்று. அந்த வரியில் விரலை வைத்தார்.

"நாலு இருபது," என்றார். "பதினொண்ணுன்னு யாரு சொன்னா?"

அன்றைய மாலைப் பத்திரிகை, என்றேன்.

"அவங்க முன்னாடியே அச்சடிச்சுட்டாங்க."

2

திருத்தி எழுத உட்கார்ந்தேன்.

அன்று இந்தியானாவின் வானம் சாம்பல் நிறத்தில்—

(வானத்துக்கு இதில் என்ன வேலை?)

ஒரு மாபெரும் நிறுவனத்தின் இறுதி மூச்சு—

(நிறுவனம் மூச்சு விடாது. விட்டவர்கள் ஆட்கள்.)

சரி, லொரெட்டாவிடமிருந்தே தொடங்குகிறேன். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது. அதனால் இனி 'அவள்'. கார்கள் உருவாகி வரும் வரிசையின் கடைசியில் நின்று ஒவ்வொரு காரையும் சோதித்து, அட்டையில் முத்திரை குத்துவது அவள் வேலை. முத்திரை இல்லாமல் கார் வாசலைத் தாண்டாது.

3

கடைசி கார் கரும்பச்சை. பத்தே முக்காலுக்கு அவளிடம் வந்தது. வேலை முடித்தவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். வாசலில் மேலாளரும், படம் எடுக்க வந்தவரும்.

அவள் பிரேக்கை மிதித்தாள். மிதி நிற்காமல் மெல்ல இறங்கியது. குனிந்து பார்த்தாள், பிரேக் எண்ணெய்க் குழாயின் இணைப்பில் ஈரம்.

மேற்பார்வையாளர் ஏர்ல் காதோரம் சொன்னார்: "குத்திரும்மா. படம் எடுத்துட்டு ஓரமா நிறுத்திருவாங்க."

"சாவி போட்டா ஓடும்ல? அப்ப யாரோ ஒருத்தர் ஓட்டத்தான் செய்வாங்க."

மேலாளரே வந்தார். அடுத்த வேலைக்கு அவர் தரவிருந்த சிபாரிசுக் கடிதத்தை நினைவூட்டினார். "திங்கக்கிழமை உனக்கு வேலை வேணும்ல?"

"வேணும் சார். ஆனா இது இப்படி வெளிய போகாது."

(இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். இவ்வளவு உறுதியாகவா பேசியிருப்பாள்? கேட்டேன். பயம்தானாம். குத்திவிடுவோமோ என்று முத்திரையை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாளாம்.)

கூட்டத்திலிருந்து, பிரேக் குழாய் பொருத்தும் ஓடிஸ் பெட்வே முன்னால் வந்து கோட்டைக் கழற்றினார். கம்பெனியே இல்லை, யாருக்காக இந்த வேலை என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"கம்பெனிய மூடிட்டாங்கன்னு பிரேக்குக்குத் தெரியுமா?" என்றார் ஓடிஸ்.

உதிரிபாக அறை பூட்டியிருந்தது. கிடந்த குழாய்த் துண்டைக் கையாலேயே வளைத்தார். அதற்குள் லொரெட்டா மற்றதையும் பார்த்தாள். இடது கதவு சரியாகப் படியவில்லை. பின் விளக்கு ஒன்று எரியவில்லை. கடைசி வாரத்து அவசரம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கோட்டாகக் கழன்றது. படக்காரர் பன்னிரண்டுக்குப் போனார். மேலாளர் அதற்கு முன்பே. சம்பளம் நின்றுபோன பதினாறு பேர், யாரும் சொல்லாமல், ஒரே காரில் வேலை செய்தார்கள். அப்படியொரு கார் அந்த ஆலையில் அதுவரை வந்ததில்லை என்கிறார் லொரெட்டா.

நாலேகாலுக்கு முத்திரை விழுந்தது. நீதான் ஓட்டணும் என்றார்கள். தனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று அவள் சொன்னதும் ஆலையே சிரித்தது. ஓடிஸ் ஓட்டினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாசலருகே வேகமாகப் போய், வேண்டுமென்றே பிரேக்கை ஓங்கி மிதித்தார். கார் அப்படியே நின்றது.

"திருப்தியா?"

"போ," என்றாள். கார் வாசலைத் தாண்டியபோது மணி நாலு இருபது.

4

கடிதம் வரவில்லை. வேறு வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது.

காரை அருங்காட்சியகத்தில் நிறுத்தி ஒரு முடிவு எழுதினேன்; அடித்துவிட்டேன். ஒஹையோவில் பழைய இரும்புக்குப் போனதாக இன்னொன்று, அதையும் அடித்துவிட்டேன். உண்மையில் யாருக்கும் தெரியாது. லொரெட்டாவிடம் கேட்டேன்.

"அது எங்க போச்சுன்னு என்கிட்ட ஏன் கேக்குற? எங்க போனாலும், நிறுத்தினா நிக்கும்."

ஆகவே முடிவு உங்களுடையது. மழையில் ஓட்டுங்கள், மலையிறக்கத்தில் ஓட்டுங்கள், பின்னிருக்கையில் குழந்தைகளை ஏற்றிக்கொள்ளுங்கள். பயமில்லாமல் மிதிக்கலாம்.