நாற்பது மணி நேரம்

வெர்லின் டோலஃப்சன் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ரயிலே வராத தண்டவாளமானாலும் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவார். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்த வட்டாரத்தில் அவரைப் போல சட்டம் பேசுகிற ஆளை வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது. அப்படிப்பட்ட மனிதரிடமா அந்த விதி வந்து மாட்ட வேண்டும்! சொந்தமாகக் கட்டிய விமானத்தில் முதல் நாற்பது மணி நேரம் ஓட்டுபவர் மட்டும்தான் பறக்கலாம். பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது.

விமானம் அவர் ஒருவர் கட்டியதில்லை. ஏழு குளிர்காலம் கார் ஷெட்டில் அவரும் மனைவி ஆர்டிஸுமாகச் சேர்ந்து கட்டியது. அவர் வெளியே நின்று தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளை அடிப்பார். இறக்கைக்குள் கையை விட்டு மறுபக்கம் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிப்பவள் அவள். பதினோராயிரம் ரிவெட். "கோணிடுச்சு, புடுங்கு" என்று அவள் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. இருக்கை இரண்டு. வலப்பக்கம் அவளுக்கு.

செப்டம்பரில் அது முதல் முறையாகப் பறந்தது. அதே வாரம் ஆர்டிஸுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "கிறிஸ்துமஸ் வரைக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது" என்றார்.

அன்றிலிருந்து வெர்லினுக்கு ஒரே வெறி. அவள் போவதற்குள் நாற்பது மணி நேரத்தை முடித்து, ஒரே ஒரு தடவையாவது அவளை மேலே கூட்டிப் போக வேண்டும். காற்று அடங்கியிருந்தால் போதும், மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு புல் ஓடுதளத்துக்குக் கிளம்பிவிடுவார். அவள் ஏறினால் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, வலப்பக்க இருக்கையில் அவள் எடைக்குச் சரியாக மணல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு பறந்தார்.

அக்டோபர் நடுவில் ஒருநாள் அதில் ஒரு மூட்டையை இறக்கினார். ஓடுதளத்தில் பக்கத்து ஷெட்டில் பழைய விமானம் வைத்திருந்த கிளீட்டஸ் பார்த்துவிட்டான். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதன், வாய்த்துடுக்கு ஜாஸ்தி.

"ஏன்டா எறக்குற? மணலுக்கும் டிக்கெட் கேக்குறாங்களா?"

"நேத்து எடை பார்த்தோம். இருபது பவுண்டு கொறைஞ்சிருக்கா."

கிளீட்டஸ் தொப்பியைக் கழற்றினான். அப்புறம் சொன்னான்: "டேய், இன்னிக்கே அவள ஏத்திட்டுப் போ. யாரு பாக்கப் போறா? அந்த மாடுங்களா போய்ப் புகார் குடுக்கும்?"

"விதின்னா விதிதான்."

"உன் விதியக் கொண்டுபோய் சாணிக்குழியில போடு!"

"புது எஞ்சின்டா கிளீட்டஸ். அவ உக்காந்திருக்கும்போது நின்னுபோச்சுன்னா? அவளுக்கு இருக்கறதே கொஞ்ச நாளு. அதையும் நானே புடுங்கவா?"

கிளீட்டஸ் குனிந்து, இறக்கிய மூட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

வீட்டில் ஆர்டிஸ் சமையலறை ஜன்னலோரம் சோபாவில் சாய்ந்திருப்பாள். சர்ச்சுப் பெண்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் தட்டுகள் தொடப்படாமல் ஆறிக் கிடக்கும். ஒருநாள் கேட்டாள்: "இன்னிக்குப் போகணுமா? சீட்டு ஆடலாமே."

"காத்தே இல்ல ஆர்டிஸ். இந்த மாதிரி நாள் இனிமே வராது."

"அதனாலதான் கேட்டேன்."

"வந்து ஆடலாம்" என்று சாவியை எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது சாயங்கால மாத்திரையின் மயக்கத்தில் அவள் அப்போதுதான் தூங்கிப்போயிருந்தாள். பெரும்பாலான நாட்கள் அப்படித்தான் கழிந்தன.

நவம்பரில், மான் வேட்டை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது நாற்பது முடிந்தது. அன்று சீக்கிரமே வந்துவிட்டார். பறந்த நேரமெல்லாம் எழுதிய நோட்டைச் சின்னப் பிள்ளை மாதிரி விரித்துக் காட்டினார்.

"முடிஞ்சுது! நாளைக்குக் காலைல நாம ரெண்டு பேரும். கிளீட்டஸ் ஏணி வெக்கிறான், நான் உன்னத் தூக்கி உக்கார வெக்கிறேன்."

"உக்காரு வெர்லின். நான் வரல."

"வலிக்குதா? அஞ்சே நிமிஷம். ஒரு சுத்து."

"வலி இல்ல, பைத்தியக்காரா. பயம். எனக்கு உயரம்னா எப்பவுமே பயம். அதுல ஏறணும்னு ஒரு நாளும் ஆசைப்பட்டதில்ல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏழு வருஷம் என்கூட நின்னியே!"

"கார் ஷெட்டுக்காக நின்னேன். தகட்டுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். பஸ் ஓட்டின காலத்துல நீ என்கிட்ட அவ்வளவு பேசினதே இல்ல. அது முடியவே கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல! மொத நாளே சொல்லியிருந்தா நான் எதுக்குப் போறேன்?" கத்தியேவிட்டார்.

"நான் முழிச்சிருக்கற அன்னிக்கெல்லாம் நீ வீட்டுக்குள்ள வரும்போது உன் மூஞ்சியப் பார்ப்பேன். எனக்காக ஏதோ செய்யுறோம்னு ஒரு தெம்பு தெரியும். அத எப்படிப் புடுங்கறது?"

கோபத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். போக இடமில்லாமல் திரும்பி வந்து, சோபா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். அவள் கை அவர் தலைமேல் இருந்தது. அந்தக் கையில் கனமே இல்லை.

மறுநாள் வானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. கிளீட்டஸ் போன் செய்தான். "ஏணி ரெடி. கூட்டிட்டு வா."

"வரல கிளீட்டஸ். இனிமே வரல."

சீட்டைக் கலைத்து இரண்டு பேருக்கும் போட்டார். ஆனால் அன்று காலையில்தான் நர்ஸ் வந்து வலி மருந்தைக் கூட்டிவிட்டுப் போயிருந்தாள். ஆர்டிஸ் கையில் சீட்டு நிற்கவில்லை. "நீயே எனக்கும் சேர்த்து ஆடு, ஏமாத்தாத" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான்காம் நாள் விடியும்போது போய்ச் சேர்ந்தாள்.

அவர் மேலே இருந்த அந்த நாற்பது மணி நேரமும் அவள் ஜன்னலோரம் விழித்துத்தான் இருந்தாள். கடைசி மூன்று நாள் அவர் அவளைவிட்டு ஓர் அடி நகரவில்லை. அதில் அவள் கண் திறந்து அவரைப் பார்த்தது, எல்லாம் சேர்த்து, ஒரு மணி நேரம்கூட இராது.