நாளுக்கு ஒரு கால்

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பந்தயம் நின்று இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பந்தயக் குதிரைகளெல்லாம் எப்போதோ புக்கிட் தீமாவில் கட்டிய புதுத் திடலுக்குக் குடிபோய்விட்டன. ரோட்டின் பெயர் பொய்யாகிவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரே ஒரு குதிரைதான். அதன் பெயர் துரை.

துரை பந்தயத்தில் முதலாவதாக வந்த சரித்திரம் கிடையாது. புக்கிட் தீமாவில் குதிரைக்காரராக இருந்த ரத்தினம்மாவின் புருஷன், இனி இது ஓடாது என்று முதலாளிகள் கழித்துக் கட்டிய அன்று அதைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அப்புறம் கொஞ்ச காலம் அது தேக்காவைச் சுற்றிய கல்யாணங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்தது. பயத்தில் பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட மாப்பிள்ளைகள், சரிகைத் தலைப்பாகையோடு கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளைகள், எல்லாரையும் அது பொறுத்துக்கொண்டது. பிறகு மாப்பிள்ளைகள் காருக்கு மாறினார்கள். ரத்தினம்மாவின் புருஷன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தார். துரையின் முன்னங்கால் முட்டிகள் இரண்டும் பலாக்கொட்டை கட்டினாற்போல வீங்கி நின்றுவிட்டன.

1957-ல் ரத்தினம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. அண்ணன் தனசேகரன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தாள். பிள்ளை குட்டி இல்லை. மாடுகள் சோறு போட்டன. துரை சும்மா நின்றது. காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் அது தலையைத் திருப்பிப் பார்க்கும் ஒரு பார்வைக்காகவே அதற்குப் புல் போடலாம் என்று அவள் நினைத்தாள். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொன்னதில்லை.

குளம்பு நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை செதுக்கி, அரம் போட்டு, லாடம் மாற்ற வேண்டும். அதற்கு வந்தவர் வடிவேலு. புக்கிட் தீமாவில் லாடம் அடிப்பவர். ரத்தினம்மாவின் புருஷனோடு வேலை பார்த்தவர். மனைவியை இழந்து பத்து வருடம் ஆனவர். சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வழிய வாரிக்கொண்டு வருவார். வெள்ளைக்காரனின் குதிரைகளே தன் கை பட்டால்தான் ஓடும் என்பது அவர் அபிப்பிராயம். அதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இந்த மனிதருக்குப் பந்தயத் திடலில் ஒரு குதிரைக்கு நாலு காலும் முடிக்க ஒரு மணி நேரம் போதும். துரைக்கு மட்டும் நாளுக்கு ஒரு கால்.

காரணம் எளிது. முட்டி வீங்கிய குதிரை மூன்று காலில் வெகுநேரம் நிற்காது. இளங்குதிரையின் காலைத் தூக்கித் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொள்வதுபோல இதன் காலை மடக்க முடியாது. முதலில் கொட்டகையைச் சுற்றி மெல்ல நடத்திச் சூடேற்ற வேண்டும். பிறகு காலைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் தூக்காமல் பிடிக்க வேண்டும். நாலு இழுப்பு அரம், காலைக் கீழே விடு, அது பெருமூச்சு விடட்டும், மறுபடி எடு. நுனியை மழுக்கி வளைத்துவிட்டால் அடி எடுத்து வைக்கும்போது முட்டிக்கு வலி குறையும். சுத்தியல் அதிர்ச்சி ஏறாமலிருக்க லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே பழைய டயர் ரப்பர் ஒரு துண்டு. இப்படி ஒரு கால் முடிவதற்குள் துரைக்கும் வடிவேலுவுக்கும் வியர்த்துவிடும். காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரத்தினம்மாவுக்கும்தான்.

ரோட்டுக்கு இந்தக் காரணம் போதவில்லை. ஒரு குதிரைக்கு நாலு நாள் வந்துபோகும் லாடக்காரரை ரோடு அதுவரை பார்த்ததில்லை. அதோடு இன்னொன்றையும் ரோடு கண்டுபிடித்து வைத்திருந்தது. வடிவேலு தேக்கா மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாளிலிருந்து தபால்காரன் மனைவி வரை எல்லாப் பெண்களையும் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். ரத்தினம்மாவை மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'ஏங்க' என்பார். அதுவும் முடியாதபோது தொண்டையைச் செருமுவார். ஓர் ஆண்பிள்ளை ஒரு விதவையைத் தங்கச்சி என்று கூப்பிடாமல் தொண்டையைச் செருமினால், அதற்கு என்ன அர்த்தம் என்று ரோட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த நூர்தீன் மட்டும் மூடி மறைக்காமல் பேசுகிற ஆள். வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வடிவேலுவைக் கேட்டார்:

"அண்ணே, குதிரைக்கு நாலு காலுதான். எட்டுக்கால் பூச்சி ஒண்ணு வளக்கச் சொல்லட்டுமா?"

வடிவேலு குதிரையின் முட்டியைப் பற்றி நீளமாக விளக்கினார். நூர்தீன் முழுவதும் கேட்டுவிட்டு, முட்டியைப் பற்றித் தனக்குச் சந்தேகமே இல்லை என்றார்.

பேச்சு அண்ணி மங்களத்தின் காது வழியாகத் தனசேகரனை எட்டியது. தனசேகரன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் தலைமைக் கிளார்க். அது அவர் சம்பளத்துக்குச் செய்த வேலை. புகழுக்குச் செய்த வேலை வேறு: அந்த வட்டாரத்து முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மேடையேறிப் பேசுவார். விதவை மறுமணம் அவருக்கு மிகவும் பிடித்த தலைப்பு. "வாடும் மலருக்கு மீண்டும் வசந்தம் வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு ஒரு தடவை தண்ணீர் குடிப்பார். அதற்குள் கைதட்டல் அடங்கிவிடும். அந்த மலர் எந்த ஊர்ப் பூ என்று அவரை யாரும் கேட்டதில்லை. நிச்சயம் அவர் வீட்டுக் கொல்லையில் பூத்ததல்ல.

அவர் கொட்டகைக்கு வந்து மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கமிட்டி தம் வீட்டில் கூடுகிறது. அன்றைக்கு, அவர் கண்ணெதிரே, நாலு காலும் ஒரே தடவையில் முடிய வேண்டும். முடிந்தால் வடிவேலு இனி மாதத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும். முடியாவிட்டால் குதிரையால் குடும்பத்துக்கு உபயோகமில்லை என்று அர்த்தம். பொங்கோல் பக்கம் முதலை வளர்க்கிறவர் ஒருவரிடம் பேசிவிட்டார். அவர் திங்கட்கிழமை லாரி அனுப்புவார். கொட்டகை அண்ணன் பெயரில் வாடகைக்கு எடுத்தது. ஆகவே துரை எங்கே நிற்பது என்பதும் அண்ணன் கையில்தான் இருந்தது.

அண்ணன் போன பிறகு ரத்தினம்மா துரையின் கழுத்தில் சாய்ந்து நின்றாள். முதலை வாயில் போவதற்காகவா இத்தனை மாப்பிள்ளைகளைச் சுமந்தது? அழலாமா என்று யோசித்தாள். மாடுகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டியிருந்ததால் அதைத் தள்ளிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் முத்துசாமி நாலைந்து பேரோடு வந்துவிட்டார். மருந்துக்கடை முதலாளி, நெஞ்சு எரிச்சலிலிருந்து நாட்டு விடுதலை வரை எதற்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பவர். கமிட்டிக்குக் கொல்லையில் நாற்காலி போட்டு மங்களம் கோப்பி கொடுத்தாள். தீர்மானங்களைவிடக் குதிரைக்கு லாடம் அடிப்பது பார்க்கச் சுவாரஸ்யமானது என்பதால் கமிட்டியும் ஆட்சேபிக்கவில்லை. நூர்தீன் வேலியோரம் வந்து நின்றுகொண்டார்.

வடிவேலு துரையை நடத்திச் சூடேற்றினார். அப்புறம், ஒரு தடவையில் நாலு கால் என்றால் துரை விழுந்துவிடும் என்று தனசேகரனிடம் ஒரே ஒரு முறை சொன்னார். தனசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். வடிவேலு பெட்டியைத் திறந்தார்.

"காலைப் பிடிக்க ஆளு வேணுங்களே" என்றார்.

"வழக்கமா யாரு பிடிப்பா?"

வடிவேலு தொண்டையைச் செருமினார்.

கமிட்டியில் யாரோ கோப்பியைச் சத்தமாக உறிஞ்சினார்கள். இரண்டு பேரும் ஒரே காலின் மேல் குனிந்து, தலையோடு தலை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் வேலை நடந்திருக்கிறது என்பது தனசேகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"தள்ளும்மா. நான் பிடிக்கிறேன்."

முதல் கால் ஒருவழியாக நடந்தது. நடுநடுவே வடிவேலு காலைக் கீழே விடச் சொன்னபோதெல்லாம் தனசேகரன், வேண்டாம், சட்டுபுட்டென்று முடி என்று அதட்டினார். முதல் கால் முடிந்தபோது துரை முட்டி நடுங்க நின்றது. தனசேகரன் அதைக் கவனிக்காமல், பார்த்தீர்களா என்பதுபோலத் தலைவரைப் பார்த்துச் சிரித்தார்.

வலது முன்னங்காலைத் தூக்கினார்கள். கொட்டகைத் தூணுக்கும் குதிரைக்கும் நடுவே, காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தனசேகரன் குனிந்து நின்றார். வடிவேலு ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடித்தார். நாலாவது ஆணி இறங்கி, முனைகள் குளம்பின் பக்கவாட்டில் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், துரைக்குப் போதும் என்று தோன்றியது. வலிக்கிற குதிரை தன்னைத் தாங்குகிறவர் மேல் சாய்ந்துகொள்ளும். துரை நிதானமாக, ஒரு மெத்தையில் சரிவதுபோல, தன் பாரத்தையெல்லாம் தனசேகரன் மேல் வைத்தது.

முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் தூணோடு ஒட்டிப்போனார்.

"டேய், இழுடா அதை" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

"காலை விட்டுடாதீங்கண்ணே" என்றாள் ரத்தினம்மா. "ஆணி முனை இன்னும் மடக்கல. இப்ப விட்டா உங்க தொடையைக் கிழிச்சிரும்."

அது உண்மைதான். முனைகளைத் திருகி மடக்கும் வரை காலை விட முடியாது. காலைப் பிடித்திருக்கும் வரை குதிரையைத் தள்ளவும் முடியாது. வடிவேலு ஆணி மடக்கும் கொறடு ஒன்றை எடுக்கக் கையை நீட்டினார். ரத்தினம்மா முந்திக்கொண்டு அதை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது, தன் கைக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"அண்ணே, போன மாசம் மேடையில பேசினீங்களே. வாடுற மலருன்னு. நான் கடைசி வரிசையில உட்கார்ந்து கேட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. பால் கணக்குப் பேசும்போது எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் பேசினாள். "நான் எத்தனை நாளு வாடணும்னு இப்பவே சொல்லிருங்க."

தனசேகரனால் தலையைத் திருப்ப முடியவில்லை. துரையின் தோள் அவர் கன்னத்தில் இருந்தது.

"இதெல்லாம் இங்கயா பேசுறது?"

"வேற எங்க பேசினா நீங்க நின்னு கேட்பீங்க?"

வேலிக்கு அந்தப்பக்கம் நூர்தீன் இருமினார். ரத்தினம்மா வடிவேலுவிடம் திரும்பினாள். முகம் சிவந்துபோய்த்தான் திரும்பினாள்.

"நீங்க நாலு நாளும் குதிரைக்குத்தான் வந்தீங்கன்னா இப்பவே சொல்லிருங்க. நான் மாட்டைப் பார்க்கப் போறேன்."

வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்த மனிதர், பேச வேண்டிய ஒரே நேரத்தில் வாய் நிறைய ஆணியோடு நின்றார். துப்பவும் தோன்றவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். குதிரைக்காக என்று ஆட்டுகிறாரா, மற்றதற்காகவா என்று குழம்பிவிடக் கூடாதே என்று பயந்து, விரலால் முதலில் ரத்தினம்மாவைச் சுட்டி, பிறகு தன் நெஞ்சைச் சுட்டி, மறுபடியும் ஆட்டினார்.

இனி கமிட்டி முறை. எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். முத்துசாமி தர்மசங்கடத்தில் நெளிந்தார். மறுமணம் தவறு என்று சொன்னால் சங்கத்தின் ஐந்து வருடத்துத் தீர்மானங்கள் என்னாவது? சரி என்று சொன்னால் செயலாளர் முகத்தில் எப்படி விழிப்பது? செயலாளர் முகம் குதிரைக்குப் பின்னால் மறைந்திருந்தது அவருக்கு உதவியாக இருந்தது. எழுந்து நின்று, சங்கம் இதை மனமார வரவேற்கிறது என்றார்.

"தனா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார் ஒரு கமிட்டிக்காரர்.

"சரி" என்றது தூண் பக்கத்திலிருந்து ஒரு குரல். "சரிலா. முதல்ல இதை எடுங்க."

"துரை?" என்றாள் ரத்தினம்மா.

"எது?"

"துரை இங்கயே இருக்குமா?"

"இருக்கட்டும். சாகிற வரைக்கும் இருக்கட்டும். எடும்மா."

அவள் கொறட்டை நீட்டினாள். வடிவேலு முனைகளைத் திருகி மடக்கி, குதிரையின் கழுத்தைத் தட்டி, மெதுவாகக் காலைக் கீழே இறக்கினார். துரை நேராக நின்று, பெருமூச்சு விட்டது. தனசேகரன் நாற்காலியில் விழுந்தார். சட்டையில் ஒரு பக்கம் முழுக்கக் குதிரை முடி. இன்னும் இரண்டு கால் பாக்கி இருக்கிறது என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.

"போதும்லா" என்றார் அவர், தோளைப் பிடித்துக்கொண்டு. "மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம். என்ன அவசரம்?"

கல்யாணம் சங்கக் கட்டடத்திலேயே நடந்தது. தனசேகரன் முக்கால் மணி நேரம் பேசினார். சீர்திருத்தம் சொந்த வீட்டில் தொடங்க வேண்டும் என்று தாம் எப்போதும் நம்பி வந்ததாகவும், பல தடைகளுக்கு நடுவே தங்கையின் வாழ்வில் தாமே விளக்கேற்றியதாகவும் சொன்னார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் இடது கையை ஆட்டிப் பேசினார். அடுத்த தேர்தலில் அவரைச் சங்கத் தலைவராக்கினார்கள். மங்களம், இது இப்படித்தான் முடியும் என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்று ரோடு முழுக்கச் சொல்லிவந்தாள். அது ஒன்றுதான் அந்தக் காலத்தில் அவள் சொன்ன உண்மை. ரோட்டுக்கும் சுவாரஸ்யம் போய்விட்டது. கட்டின மனைவியின் குதிரைக்கு ஒருவர் நாலு நாள் என்ன, நாலு மாதம் லாடம் அடித்தாலும் யார் கேட்கப்போகிறார்கள்?

துரைக்கு லாடம் மாற்றும் முறை அடுத்து வந்தபோது வடிவேலு அதிகாலையில் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் இரண்டு கால்களை முடித்துவிட்டார். நடுநடுவே காலை இறக்கி, பெருமூச்சு விடவிட்டு, ஒரு குறையும் இல்லாமல்தான் முடித்தார். துரை ஆடாமல் நின்றது.

ரத்தினம்மா பிடித்திருந்த காலை விட்டுவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஒரு பொழுதுக்குள் ரெண்டு கால் முடியுமா, இது எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

வடிவேலு அரத்திலிருந்த தூளை ரொம்ப அக்கறையாகத் தட்டினார். துரைக்கு முட்டி இப்போது கொஞ்சம் தேவலை என்றார்.

அவள் குனிந்து முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் எப்போதும் இருந்த அளவுதான் இருந்தது.

"மூணாவது காலை நாளைக்கு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, கோப்பி போட உள்ளே போனாள்.