ஜீவராணியின் இடது பாதி

பலாங்கொடைக்கு மேலேயுள்ள தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜீவராணி, போன் படங்களில் பாதியாகத்தான் விழுவாள்; வலது பாதி தெரியும், இடது பாதி இருக்கவேண்டிய இடத்தில் பின்னாலிருக்கும் தேயிலைச் செடி தெரியும். கொழுந்தின் நிறை குறைந்த நாளில் அரைப்பேர் போட்டு அரை நாள் சம்பளம் கொடுப்பது தோட்டத்து வழக்கம். வருடக்கணக்காக அரைப்பேர் வாங்கிய உடம்பு வேறெப்படி விழும் என்று வரிசை வீடுகளான லயத்தில் பேசிக்கொண்டார்கள். தொப்பை படத்துக்குள் அடங்காத எங்களைப் போன்றவர்களும் இருப்பதால், யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை.

மகள் கோபிகா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் புறப்படத் தயாரானபோதுதான் தொல்லை வந்தது. அங்கே வீட்டுக்காரி போனை வாங்கி வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மட்டும் தருவாளாம். தலையணைக்கடியில் வைக்க அம்மாவின் முழுப்படம் வேண்டுமென்று கோபிகா சாப்பிடாமல் கிடந்தாள். இருவரும் பஸ் ஏறி, டவுனில் பழைய பில்ம் கமரா விற்கும் லாபிர் நானாவின் கடைக்குப் போனார்கள். அவர் முதலில் காட்டியது செங்கல் கனம் இருந்தது.

"பாரம் தூக்கித் தூக்கி அலுத்துப்போச்சு நானா. கைக்குள்ள அடங்குறதா ஒண்ணு காட்டுங்க," என்றாள் ஜீவராணி.

லாபிர் சவர்க்காரக் கட்டி அளவில் ஒன்றை எடுத்தார். "இது சட்டப்பைக்குள்ளயே போகும். ஆனா அரைப்படக் கமரா, தங்கச்சி. ஒரு படத்துட எடத்துல ரெண்டு சின்னப் படம் பக்கத்துல பக்கத்துல விழும்."

"நல்லாருக்கு. அம்மாவே பாதி, கமராவும் பாதியா?" என்றாள் கோபிகா.

"ஏன்டி, ரெண்டு அரைப்பேரு சேர்ந்தா ஒரு பேரு சம்பளம் வருதில்ல?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. முதல் அழுத்தலில் ஒரு பாதி, அடுத்ததில் மறுபாதி. கொழும்புக்குப் போய்க் கழுவி வந்த படத்தில், நடுவே மெல்லிய கறுப்புக் கோட்டோடு, ஜீவராணி முழுசாக, முழுசான களைப்போடு நின்றாள். கோபிகா அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். புறப்படும் காலையில் ஜீவராணி கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கோட்டோடு வெட்டினாள்.

"என்னை முழுசா கொண்டுபோயிட்டா இங்க யாரு கொழுந்தெடுக்கிறது? ஒன் தம்பிக்கு யாரு சோறாக்குறது? இடது பக்கத்தக் கொண்டுபோ. நெஞ்சு அந்தப் பக்கந்தானாம், டிஸ்பென்சரியில சொன்னாங்க."

வெள்ளிக்கிழமைகளில் கோபிகா பேசுகிறாள். தூங்கும்போது அம்மாவின் கை தலையைத் தடவுகிறது என்கிறாள். "தெரியும். எண்ணெ வைடி, முடி வறண்டு கெடக்கு," என்கிறாள் ஜீவராணி. பலாங்கொடையில் எவ்வளவு மழை கொட்டினாலும் அவளுடைய இடது தோள் நனைவதில்லை. பாலைவன வெயிலில் கிடந்த கல்லைப்போல் சுடுகிறது. அடைமழைக் காலத்தில் லயத்துப் பெண்கள், காயாத பிள்ளை உடுப்புகளைக் கொண்டுவந்து, கேட்காமலேயே அந்தத் தோளில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.