பட்டினித் தொட்டி

மூன்று வாரமாக அரைவயிறாய்க் கிடந்த மீன்களுக்கு வால் முழுசாக வளர்ந்திருப்பதைப் பார்த்ததும் மதிவதனிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவள் ஆராய்ச்சி மாணவி. ஐந்து மாதக் கர்ப்பம் என்பதால், பேராசிரியரின் அனுமதியோடு விருத்தாசலத்தில் புகுந்த வீட்டிலேயே இரண்டு கண்ணாடித் தொட்டிகளில் வரிமீன்களை வைத்திருந்தாள். மயக்க மருந்து கொடுத்து எல்லாவற்றுக்கும் வால் நுனியை வெட்டியிருந்தாள். ஒரு தொட்டிக்கு வயிறார இரை, மற்றதற்கு அரைகுறை. உடம்பில் எரிக்கச் சத்து குறைந்தால் வெட்டுப்பட்ட சதை எப்படி வளரும் என்பதுதான் கேள்வி. பட்டினித் தொட்டி பின்தங்கும் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல வளர்ந்திருந்தன. உடனே பேராசிரியருக்குப் போன் போட்டுச் சொன்னாள். "பெரிய விஷயம்மா" என்றார் அவர்.

போனை வைத்துத் திரும்பினால், பட்டினித் தொட்டியில் ஒரு பொரி மிதந்தது.

"மாமா!"

பீங்கான் கம்பெனியில் சூளை பார்த்து ஓய்வுபெற்ற மாமனார் மாணிக்கவேல், வேட்டியில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"இதுல பொரி போட்டது யாருங்க?"

"நான்தாம்மா. தெனமும் தூள் பண்ணித்தான் போடுறேன். இன்னிக்கு ஒண்ணு முழுசா வுழுந்துடுச்சாட்டம் இருக்குது."

"தெனமுமா? பட்டினி போடுறதுதான் மாமா ஆராய்ச்சியே! எத்தினி வாட்டி சொன்னேன்!"

"சொன்ன. இல்லன்னு சொல்லல. பக்கத்துல அதுங்க வயிறு முட்டத் தின்னுது. இதுங்க கண்ணாடியில மூக்க வச்சிக்கிட்டு என்னையே பாக்குது. வாயும் வயிறுமா ஒரு பொண்ணு இருக்கிற வூட்ல, ஒரு உசுரு பசியோட கெடக்கலாமா?"

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். வெட்டின இடத்தில் உள்ள செல்கள் சர்க்கரையை எரிக்கிற விதத்தையே மாற்றிக்கொள்ளும், அதில்தான் புதுச் சதை உருவாகும், சாப்பாடு குறைந்தால் அந்த வேலை என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பாடெல்லாம் என்றாள்.

அவர் கவனமாகக் கேட்டார். "வயித்துப் புள்ளைக்கும் அப்பிடித்தானா?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தாங்க. கரு வளர வளர எரிக்கிற விதமும் மாறும்."

"அதுக்குத்தான் உன்னயும் சாப்புடு சாப்புடுங்கறேன். இப்ப நீயே சொல்லிட்ட பாரு."

மறுபடி பேராசிரியருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னாள். "முதல்லேருந்து செய்ங்க" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவள் கட்டிலில் சாய்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு எழுந்து, ஜங்ஷன் பக்கம் தனியாகக் குடியிருந்த தோழி ரெஜினாவிடம் தொட்டி வைக்க இடம் கேட்டாள். ரெஜினா தன் வீட்டுப் பின்னறையைத் தர ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் ஆட்டோவில் புது மீன்கள் இருந்த வாளியை மாணிக்கவேல்தான் மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் தண்ணீர் சிந்தாமல் கையால் மூடினார். வழியெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ரெஜினா கதவைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"நீயாவது இதுங்களுக்கு நேரத்துக்கு ஏதாச்சும் போடுவியாம்மா?"