சின்னவள் வாங்கிய ஏசி

"நிறுத்து! வண்டியை நிறுத்துடா!"

ஏசி கம்பெனி வாசலிலிருந்து பாய்ந்து வந்த பெரியவள், நகரத் தொடங்கிவிட்ட பைக்கின் பின்சீட்டில் தாவி ஏறினாள். ஓட்டியவனின் தோளில் மாட்டியிருந்த செம்புக் குழாய்ச் சுருள் அவள் மூக்கை உரசியது.

"மேடம், நான் ஃபிட்டிங்குக்குப் போறேன். நீங்க எங்க?"

"அதே ஃபிட்டிங்குக்குத்தான். ஓட்டு."

ஏசியில் கேஸ் நிரப்புகிறவன் என்பதால் ஆபீஸில் அவன் பெயரே கேஸ். விற்பனைப் பிரிவு மேடம் உச்சி வெயிலில் வெளியே வந்து அவன் பார்த்ததில்லை. கண்ணாடியில் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான். மேற்கொண்டு கேட்காமல் ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

பெரியவள் கையில் போன் இருந்தது. அதில் ஒரு குறுஞ்செய்தி. 'உங்கள் ஊழியர் சலுகையில் பதிவான ஏசி இன்று பொருத்தப்படும்.' கீழே விலாசம். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. பதிவு செய்தவர் பெயர், அவள் கூடப் பிறந்தவளுடையது.

சின்னவள்!

'ஏசி இல்லாத வீடு' என்று தினம் ஒரு வீடியோ போட்டு ஊரையே திரும்பிப் பார்க்க வைத்திருக்கிறவள். வாழ்நாளில் ஏசி வாங்காதவள் அல்லவா, அக்காவின் சலுகை எண்ணைப் போட்டால் விலை குறையும் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. போட்டால் அக்காவுக்கே தகவல் போகும் என்பது தெரியவில்லை.

மாட்டிக்கொண்டாள்.

போன கோடையில் பெரியவள் வாய் திறந்து கேட்டாள். "அம்மா, நான் வேலை பார்க்கிற கம்பெனி. பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரு ரூமுக்காவது மாட்டுவோம்."

அம்மா பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு. "உனக்கு என்னடி, பகல் முழுக்க ஆபீஸ்ல ஜில்லுனு உட்கார்ந்துட்டு வர்ற. இங்க ஏசி மாட்டினா அவ பேரு என்னாகும்? ஊரெல்லாம் காறித் துப்பாது?"

அவ பேரு. அவ வீடியோ. அவ தொண்டை. பெரியவள் சம்பளத்தில் வாங்கிய மிக்ஸியில் அவளுக்கு ஜூஸ். மருந்துக் கடைக்குப் போனால்கூட, "சின்னவளோட அக்காதானே நீங்க?" என்கிறார்கள். இவளுக்கென்று ஒரு பெயர் இருந்ததையே ஊர் மறந்துவிட்டது. இரவில் வியர்வையில் ஊறிப் புரளும்போது, பக்கத்துக் கட்டிலில் அம்மா சின்னவளுக்கு விசிறுகிற சத்தம் கேட்கும். விசிறி இந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

"உங்க தங்கச்சி வீடியோ எல்லாம் நான் பார்ப்பேன் மேடம்," என்றான் கேஸ், சிக்னலில். "லைக்கும் போடுவேன்."

"நீயுமாடா?"

"அவங்க சொல்றது நிஜம்தானே? நம்ம ரூம் சூட்டை எடுத்து அடுத்த வீட்டு ஜன்னல்ல ஊத்துறோம்னு. போன வருஷம் ஒரு சந்துல வீட்டுக்கு வீடு மாட்டினேன். இப்ப அந்தச் சந்துல நடந்து பாருங்க, அடுப்புக்குள்ள போன மாதிரி இருக்கு."

"அப்ப ஏசி இல்லாதவன் வெந்து சாகணுமா? புழுங்குற வீட்டுல இருக்கிறவன்கிட்ட போய், பூமிக்காகப் பொறுத்துக்கோன்னு சொல்றது சுலபம்டா."

"அதுவும் நிஜம்தான்."

"ரெண்டும் எப்படிடா நிஜமாகும்?"

"எனக்கு ரெண்டு பக்கமும் வேலை இருக்கு மேடம், சுவருக்கு உள்ளயும் வெளியவும்." பச்சை விழுந்தது. பறந்தான்.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சின்னவளின் ரசிகர்கள் அவளுக்கு வேண்டாம். ஊர் தூற்றுவதும் வேண்டாம். ஒரே ஒரு ஆள் பார்த்தால் போதும். சித்தி வீட்டுக்குப் போயிருக்கும் அம்மா. 'உன் செல்லம் என்ன வாங்கியிருக்கு பார்' என்று ஒரு போட்டோ. அதன் பிறகாவது அம்மா இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பாளா, மாட்டாளா?

மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஏறினாள். படிக்கட்டுச் சுவரே சுட்டது. பின்னால் கருவிப் பையும் குழாயுமாகக் கேஸ். "மெதுவா மேடம், நீங்க விழுந்தா உங்களையும் சேர்த்து நான்தான் தூக்கணும்."

கதவைத் தட்டினாள். அகலமாகத் திறந்தது.

"வாங்கண்ணே, சீக்கிரம்..." என்று ஆரம்பித்த சின்னவள், வந்திருப்பது யாரென்று பார்த்ததும் உறைந்தாள். பிரிக்காத ஏசிப் பெட்டி அவள் காலடியிலேயே கிடந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். வீடியோவில் மின்னுகிற முகமா இது?

"அக்கா... நீ எப்படி..."

"கம்பெனி ரூல். பெட்டியோட கஸ்டமரை ஒரு போட்டோ எடுக்கணும். சிரி."

க்ளிக்.

"அக்கா, ப்ளீஸ். யாருக்கும் அனுப்பாதே."

"எங்களுக்கு மட்டும் புழுக்கம், உனக்குத் தனி ரூம், தனி ஏசி. இல்ல? பூமியைக் காப்பாத்துற மூஞ்சி! பயப்படாதே. ஊருக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்." கட்டைவிரலை உயர்த்தினாள். "அம்மாவுக்கு மட்டும்தான்."

"வேண்டாம்க்கா! சொல்றதைக் கேளு..."

அழுத்தினாள். போய்விட்டது. இத்தனை வருஷத்துப் புழுக்கமும் அந்த ஒரு நொடியில் உடம்பைவிட்டு இறங்கியது போலிருந்தது.

டிங்.

சத்தம் மிக அருகில் கேட்டது. அறைக்குள்ளே தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து.

கேஸ் பையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.

பெரியவள் தங்கையைத் தள்ளிவிட்டுப் போய்த் திரையை இழுத்தாள். ஒரு கட்டில். நெற்றியில் ஈரத்துணி. புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும். சித்தி வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய அம்மா, தலையணை அருகே ஒளிர்ந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதே பெரியவளே," என்றாள். குரலே எழும்பவில்லை.

அவளை. இப்போதும் அவளைத்தான். பெரியவள் திரும்பினாள். "என்னடி ஆச்சு அம்மாவுக்கு?"

"சித்தி வீட்டுக்கெல்லாம் போகலக்கா. ஆஸ்பத்திரியில இருந்தாங்க. இன்னொரு தடவை சூடு தாக்கினா தாங்க மாட்டாங்கன்னுட்டார் டாக்டர். நம்ம வீடு அனலா கொதிக்குது. அதான் இந்த ரூம். உன்கிட்ட சொல்லிடலாம்னு கெஞ்சினேன். அம்மா விடல."

"ஏன்? நான் யாரு? எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"எப்படி விழுந்தாங்கன்னு கேப்பியாம்."

"கேக்குறேன். எப்படி விழுந்தாங்க?"

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நம்ம வீட்டு மொட்டை மாடியில, உச்சி வெயில்ல, ரொம்ப நேரம் வீடியோ எடுத்தேன்க்கா. எனக்கு ஒண்ணும் ஆகல." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவ்வளவு நேரமும் அம்மா எனக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. வெயில்ல."