மூன்று விநாடிச் சத்தம்

பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. வண்டி ராத்திரி முழுக்க அசையவில்லை. மணி காலை ஆறு. தங்கச்சி வீட்டு வாசலில் முகம்கூடக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தேன். அவள் சாவியோடு வெளியே வந்தாள். "வா" என்றுகூடச் சொல்லவில்லை. மூன்று மாதமாக நான் பேசிய பேச்சுக்குக் கதவைத் திறந்ததே பெரிய விஷயம்.

"போடட்டுமா?" என்றாள்.

"போடு."

சாவியைத் திருப்பினாள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விநாடியில் அடங்கி, எஞ்சின் ஒன்றுமே நடக்காத மாதிரி சாதுவாக ஓடியது. தகர டப்பா, கூழாங்கல் எல்லாம் நான் யோசித்துச் சொன்னது இல்லை. மூன்று மாதமாக அவள் போனில் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். "உன் காதுலதான் கோளாறு, போய் டாக்டரைப் பாரு" என்று சொல்லிப் போனை வைத்தவன் நான்.

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. டைமிங் செயின் என்பது எஞ்சினுக்குள் மேலேயும் கீழேயும் இருக்கிற பற்சக்கரங்களைச் சேர்த்து ஓட்டுகிற சங்கிலி. அது தொய்யாமல் அழுத்திப் பிடிக்க டென்ஷனர் என்று ஒரு சாமான் உண்டு. உள்ளே ஒரு ஸ்பிரிங் இருந்தாலும், ஆயில் வந்து தள்ளினால்தான் அது முழு பலத்தோடு அழுத்தும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் வந்து சேர மூன்று விநாடி ஆகும், அந்த மூன்று விநாடிதான் தேய்ந்த செயின் வாயைத் திறந்து பேசும். அவளோ டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். காலையில் இரண்டு பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கொதிக்கக் கொதிக்க வண்டியை என் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுவருவாள். நான் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்ல, போ" என்பேன்.

இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை செய்கிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். "காலையில மட்டும்தான் கேக்குது" என்று அவள் சொன்னபோதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. ஏனென்றால் அந்த வண்டியை அவளுக்குப் பார்த்து வாங்கிக் கொடுத்தது நானேதான். வாங்கப் போன அன்று விற்றவர் அதே வண்டியில் தெருமுனைவரை வந்து எங்களை அழைத்துப் போனார். என்ன மரியாதையான ஆள் என்று நினைத்தேன். எஞ்சினைச் சூடு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷன்! நான் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து போயிருக்கிறேன். இதை ஒப்புக்கொள்வதைவிடத் தங்கச்சிக்குக் காது சரியில்லை என்று நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அந்தக் காலை ஆறு மணிக்குக்கூட நானாகப் போகவில்லை. முந்தின நாள், வண்டியில் மஞ்சள் லைட் எரிகிறது, ஏற்றத்தில் இழுக்கவே மாட்டேன் என்கிறது என்று அவள் போன் பண்ணினாள். நான் ஏதோ சாக்குச் சொன்னேன். என் பெண்டாட்டி பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஒரு நாள் அவ வீட்டுக்குப் போய்க் கேட்டா உங்க காது தேஞ்சா போயிடும்?" என்றாள். அந்த ஒரு வரி ராத்திரி முழுக்க உறுத்தியது.

"ஆஃப் பண்ணு. இனிமே சாவியைத் தொடாத" என்றேன். "செயின் தேஞ்சிடுச்சு. சக்கரத்துல ஒரு பல் தாவியிருக்கு, அதான் வண்டி இழுக்கல. இன்னும் ரெண்டு தாவினா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். எஞ்சினே போயிடும்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் என்று பெயர்தானே தவிர, இருப்பது இந்த ஒரே வண்டி. பன்னிரண்டு வருஷம் கால் சென்டர் நாற்காலியில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களிடம் போனில் திட்டு வாங்கிய வேலையை விட்டுவிட்டு, கையில் இருந்ததை எல்லாம் இதில் போட்டிருந்தாள். எஞ்சின் போனால் மறுபடி அந்த நாற்காலிதான். "நாளன்னைக்கு நர்ஸம்மாவுக்கு லைசன்ஸ் டெஸ்ட்" என்றாள் கடைசியில். "ரெண்டு தடவை ஃபெயில் ஆனவங்க. இந்த வண்டியிலதான் ஓட்டிப் பழகியிருக்காங்க."

வண்டியைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்தேன். கழற்றக் கழற்ற எனக்கு முகம் தொங்கிப்போனது. செயினை விரலால் தூக்கினால் சக்கரத்தை விட்டு எழும்பி வந்தது. அது உரசி ஓடுகிற பிளாஸ்டிக் பட்டை இரண்டாக உடைந்து, துண்டுகள் கீழே ஆயில் தொட்டியில் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிப் பழைய பெட்ஷீட்டில் வரிசையாக வைத்தேன். கழற்றினதை வரிசையாக வைப்பது என் வழக்கம். நல்லவேளை, வால்வுகள் வளையவில்லை. அதை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். சாயங்காலத்துக்குள் புதுச் செயின், புதுப் பட்டை, புது டென்ஷனர் எல்லாம் மாட்டி, சக்கரங்களில் இருக்கிற குறிகளை ஒன்றுக்கொன்று நேராகச் சேர்த்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து அவள் வந்தாள். பெட்ஷீட்டில் இருந்த உடைந்த பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே பாத்திருந்தா இது உடைஞ்சிருக்காதுல்ல?"

கேட்டது அவ்வளவுதான், அதுவும் மெதுவாகத்தான். எனக்கு வந்ததே ஒரு கோபம். தப்புச் செய்தவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு ஈடே கிடையாது. ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்கிறவனைக் கேள்வி கேட்கிறாயா, அவ்வளவு தெரிந்தால் நீயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று ஆரம்பித்து, எட்டு வயதில் அவள் என் சைக்கிளைச் சாக்கடைக்குள் விட்டது வரை போய்விட்டேன். கை ஒரு பக்கம் பசை தடவிச் செயினை மூடுகிற கவரை மாட்டி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தது, வாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் பசை காய்ந்ததும் ஆயில் ஊற்றினேன். அவளை வரச்சொன்னேன். அவளே சாவி போடட்டும் என்று ஒரு சமாதானம். வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே காலால் பிரேக்கைத் தேடினாள், அது ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர்களின் தொழில் வியாதி. நான் பழைய சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டே, "போடு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

புது டென்ஷனரில் ஒரு கம்பி செருகியிருக்கும், ஹேர்பின் மாதிரி. டென்ஷனர் எகிறாமல் அமுக்கி வைத்திருப்பது அதுதான். எல்லாம் மாட்டி முடித்து, கவர் போடுகிறதுக்கு முன்னால் அதை உருவ வேண்டும். உருவினால்தான் டென்ஷனர் செயினை அழுத்தும். உருவாமல் மூடிவிட்டால் செயின் தொளதொள என்று கிடக்கும். ஸ்டார்ட் பண்ணினால் தாவும், முட்டும், தீர்ந்தது கதை. உருவிய பிறகு கையால் எஞ்சினை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மூடுவதுதான் முறை. நான் சுற்றினேனா? ஞாபகமில்லை. கம்பி பெட்டியில் இல்லை. பெட்ஷீட்டிலும் இல்லை.

"இரு! தொடாத!" என்று கத்தினேன். அவள் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டாள்.

பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். சட்டைப் பையில் பார்த்தேன். குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். "என்ன தேடுற?" என்று இறங்கி வந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. என்னமோ, சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"உருவியிருப்பேன். கை தானா செஞ்சிருக்கும். எத்தனை எஞ்சின் பாத்த கை."

"உருவினா எங்க வைப்ப?"

"பல்லுல கடிச்சுக்குவேன். கவரை முழுசா மூடுற வரைக்கும் வாயிலதான் இருக்கும். அப்பத்தான் தொலையாது."

அவள் இடுப்பில் கைவைத்து என்னையே பார்த்தாள். பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "வாயில கம்பி இருந்தா எப்படி அண்ணா பேசுவ?"

"பேச மாட்டேன். யார் கூப்பிட்டாலும் ம்ம்தான்."

"நேத்து கவரை மூடுறப்போ, என் எட்டு வயசு சைக்கிள் வரைக்கும் போனியே?"

வாய் நிறையப் பேச்சுதான் இருந்திருக்கிறது, கம்பி இல்லை. அப்படியும் மனசு சும்மா இருந்ததா? பையில் போட்டிருப்பாய், கீழே விழுந்திருக்கும், இவளுக்கு என்ன தெரியும் என்று ஓதியது. மறுபடி திறப்பதென்றால் முழுசாக அரை நாள் வேலை. ஊற்றிய ஆயிலை வடிக்க வேண்டும், பசையைச் சுரண்ட வேண்டும். சும்மா ஒரு தடவை சாவியைத் திருப்பினால் தெரிந்துவிடும். ஆனால் தெரிகிற நேரத்தில் எஞ்சின் இருக்காது. நான் ஸ்பேனரை எடுத்தேன்.

கவரை நெம்பி எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. அவள் டார்ச் அடித்தாள். டென்ஷனரில், செருகிய இடத்திலேயே, கம்பி பளபள என்று உட்கார்ந்திருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா, அப்பாடா என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று வந்து, என் தலையில் டார்ச்சாலேயே ஒரு தட்டுத் தட்டினாள்.

குனிந்து கம்பியைப் பல்லால் கடித்து உருவினேன். டென்ஷனர் டக்கென்று பாய்ந்து செயினைப் பிடித்தது. எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றினேன், அவள் பக்கத்தில் நின்று எண்ணினாள். கம்பியைக் கடித்தபடியே புதுப் பசை தடவிக் கவரை மாட்ட ஆரம்பித்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப உன்னால பதில் பேச முடியாதுல்ல?"

"ம்ம்."

"அப்ப கேளு. நான் வேலையை விடுறேன்னு சொன்னப்போ எங்க வீட்டுக்காரர்கூட வேண்டாம்னாரு. 'உனக்கு வரும், செய்'னு சொன்னது நீ ஒருத்தன்தான். அந்தத் தைரியத்துலதான் இறங்கினேன். வண்டி தப்பா அமைஞ்சுதுன்னு எனக்குக் கோபமே இல்ல. யார் ஏமாத்தினாலும் ஏமாறுறதுதான். மத்தவங்க நான் சொல்றதைக் கேக்கலேன்னா, போங்கடான்னு போயிடுவேன். நீ கேக்கலேன்னா நான் யார்கிட்ட போறது?"

"ம்ம்" என்றேன். அது சரியாக வரவில்லை. கண் மங்கிப்போய் போல்ட் தலை தெரியவில்லை. அவள் இன்னும் நிறையச் சொன்னாள், சைக்கிளைச் சாக்கடையில் விட்டது அவள் இல்லை, பிரேக் இல்லாமல் கொடுத்தது நான் என்பது உட்பட. கடைசி போல்ட்டும் முறுக்கி முடிந்தது. இனி கம்பியைத் துப்பலாம். அவள் பேசி முடிக்கிறவரை நான் துப்பவில்லை.

பசை காய மறுபடி ஒரு ராத்திரி. விடிந்ததும் ஆயில் ஊற்றினேன். ஏழு மணிக்கு அவளும் நர்ஸம்மாவும் வந்தார்கள். டியூட்டி முடிந்த களைப்பு அந்த அம்மாவுக்கு. பத்து மணிக்கு டெஸ்ட். பானெட்டைத் திறந்து வைத்து, பழக்கதோஷத்தில் காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"நீ தள்ளி நில்லு. எதுவும் சொல்லக் கூடாது" என்றாள் தங்கச்சி. நர்ஸம்மாவைச் சாவி போடச்சொல்லிவிட்டு அவளே குனிந்து நின்றாள். எஞ்சின் பிடித்தது. எனக்குக் கேட்டதோ இல்லையோ, நான் எஞ்சினைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நிமிஷமாவது அப்படியே நின்றாள். பிறகு பானெட்டை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய் நர்ஸம்மாவுக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறினாள்.

வண்டி மெதுவாக ஷெட்டை விட்டு வெளியே போனது. தெருவில் திரும்புகிற இடத்தில் நர்ஸம்மா பதற்றத்தில் இண்டிகேட்டருக்குப் பதிலாக எதையோ தட்டிவிட்டார் போல. நல்ல வெயிலில், காய்ந்த கண்ணாடி மேல் இரண்டு வைப்பரும் பரபரவென்று ஆட ஆரம்பித்தன. நிறுத்தத் தெரியவில்லை. ஜன்னலுக்குள் இரண்டு தலைகள் சிரிப்பில் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. வைப்பர் ஆட ஆட, வண்டி அப்படியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.